வீட்டிலேயே பிரேக் பேட் மாற்றும்போது போல்ட்டுகளைக் கைக்கணக்கில் முடுக்கினால் போதுமா, டார்க் ரெஞ்ச் கட்டாயம் வேண்டுமா?

பிரேக்கைப் பொறுத்தவரை கைக்கணக்கு போதாது. டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்க உதவும் ஸ்பேனர்) இல்லையென்றால் இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள். ஒரே சக்கரத்தில் உள்ள போல்ட்டுகளே வெவ்வேறு இறுக்கத்தைக் கேட்பவை. பல சிறிய கார்களில், பேட் மாற்றுவதற்காக நாம் கழற்றும் காலிப்பர் (பேட்டை அழுத்தும் பாகம்) ‘பின்’ போல்ட்டுக்கு, அதாவது காலிப்பர் வழுக்கி நகரும் பின் (pin) என்ற தண்டில் மாட்டும் போல்ட்டுக்கு, ஏறத்தாழ 25 முதல் 35 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு) போதும். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டுகளோ 80 முதல் 110 வரை கேட்கும். 25 நியூட்டன் மீட்டர் என்பது கால் மீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் சுமார் 10 கிலோ எடை தொங்குவதற்குச் சமம், அவ்வளவுதான். பழகாத கை அதைவிட இரு மடங்கு விசையை எளிதில் கொடுத்துவிடும். உங்கள் வண்டிக்குரிய துல்லியமான அளவை அதன் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுகும் போல்ட் மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. மீண்டும் சுருங்க முயலும் அந்த இழுவிசைதான் பாகங்களைப் பிடித்து வைக்கிறது. அளவு மீறி முடுக்கினால் அது நிரந்தரமாக நீண்டு வலுவிழக்கும், அல்லது மரை போய்விடும். நாம் கொடுக்கும் விசையில் பெரும்பகுதி உராய்வுக்கே செலவாவதால், மரையில் எண்ணெயோ கிரீஸோ இருந்தால் ரெஞ்ச் அதே அளவைக் காட்டினாலும் போல்ட் கூடுதலாக நீண்டுவிடும். ஆகவே, மேனுவல் வேறு விதமாகச் சொன்னாலொழிய, மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து உலர்ந்த நிலையிலேயே மாட்டுங்கள். பிரேக்குக்கென உள்ள கிரீஸை ரப்பர் உறைக்குள் போகும் பின்னின் வழவழப்பான பகுதிக்கு மட்டும் தடவுங்கள்.

பின் போல்ட்டை முடுக்கும்போது பின்னும் கூடவே சுற்றினால், மெல்லிய ஸ்பேனரால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ரப்பர் உறை முறுக்கிக் கிழிந்து, நீர் புகுந்து, நாளடைவில் பின் துருப்பிடித்து இறுகிக்கொள்ளும். பேட் ஒரு பக்கம் மட்டும் தேய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பிரேக் ஹோஸை (காலிப்பருக்குப் பிரேக் எண்ணெய் வரும் குழாயை) கழற்றியிருந்தால் அதன் போல்ட்டுக்கு இருபுறமும் புதிய செப்பு வாஷர்கள் போடுங்கள். பழையவை ஏற்கெனவே நசுங்கியவை.

வீல் நட்டுக்கான பெரிய டார்க் ரெஞ்ச் 30 நியூட்டன் மீட்டருக்கு ஏற்றதல்ல, ஏனெனில் அதன் அளவுகோலின் அடிப்பகுதியில் துல்லியம் குறைவு. இவ்வேலைக்குச் சிறியது ஒன்று தனியாக வேண்டும். ‘கிளிக்’ என்றதும் நிறுத்திவிடுங்கள். உறுதிக்காக மேலும் அழுத்தினால் அளவு கூடிவிடும். எல்லாம் மாட்டி முடித்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன், பிரேக் பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதியுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளை மீண்டும் சரிபாருங்கள்.