சிம் மாறினால் வட்ஸ்அப் மாறுமா? – கைபேசி கேள்வி பதில்

கேள்வி: சுன்னாகத்தில் தையல் கடை வைத்திருக்கிறோம். கடை இலக்கம் இவ்வளவு நாளும் கணவரின் போனில் இருந்தது. இப்போது கடையை நான்தான் பார்க்கிறேன் என்பதால் இரண்டு சிம்மையும் மாற்றிப் போட்டோம். அழைப்புகள் எனக்கு வருகின்றன. ஆனால் வாடிக்கையாளர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் அளவுகளும் படங்களும் இன்னும் அவருக்கே போகின்றன. இருவருடைய பழைய செய்திகளும் குழுக்களும் அழியாமல் கடை இலக்கத்தை என் போனுக்குக் கொண்டுவர முடியுமா? இரண்டுமே அன்ட்ரொயிட் போன்கள். – வாசகி, சுன்னாகம்

பதில்: முடியும். ஆனால் அவசரப்பட்டு வட்ஸ்அப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போடாதீர்கள். பலர் செய்திகளை இழப்பது அந்த இடத்தில்தான்.

சிம்மை மாற்றியது வட்ஸ்அப்புக்குத் தெரியாது. முதல் நாள் குறுஞ்செய்தியில் வந்த ஆறு இலக்கக் குறியீட்டைக் கொடுத்து எந்த இலக்கத்தைப் பதிந்தீர்களோ, அந்த இலக்கத்திலேயே கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே வேறு சிம் கிடந்தாலும் சிம்மே இல்லாவிட்டாலும் இணையம் இருந்தால் அதற்குப் போதும். கூகுள் கணக்கு, படங்கள், பழைய குறுஞ்செய்திகள், அழைப்புப் பட்டியல் எல்லாம் போனோடு நிற்பவை. சிம்மோடு நகர்ந்தவை அழைப்பும் புதிதாக வரும் குறுஞ்செய்தியும் ரீலோட் மீதியும் சிம்மில் சேமித்த பெயர்களும்தான்.

வட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுன்ட் என்று போனால் ‘சேஞ்ச் நம்பர்’ இருக்கிறது. செய்திகளும் குழுக்களும் அதே போனில் இருக்க, இலக்கத்தை மட்டும் மாற்றித் தருவது அது. உங்கள் விஷயத்தில் சிக்கல், நீங்கள் போகவேண்டிய இலக்கத்தில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருப்பது. நேரடியாக உங்கள் போனில் கடை இலக்கத்தைப் பதிந்தால் கணவரின் போன் உடனே வெளியே தள்ளப்படும். வெளியே தள்ளப்பட்ட போனில் ‘சேஞ்ச் நம்பர்’ கிடைக்காது. அவர் உங்கள் பழைய இலக்கத்தில் புது ஆளாகப் பதிய வேண்டிவரும். குழுக்கள் அவரோடு வராது. கூகுளில் கிடக்கும் காப்புப்பிரதியும் கடை இலக்கத்தின் பெயரில் எடுத்தது என்பதால் புது இலக்கத்துக்குத் திறக்காது.

இரண்டு போத்தலில் இருக்கும் நல்லெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் இடம் மாற்ற மூன்றாவது போத்தல் ஒன்று வேண்டும் அல்லவா? இங்கும் அப்படித்தான். வட்ஸ்அப் கணக்கே இல்லாத மூன்றாவது இலக்கம் ஒன்று தேவை. வீட்டில் சும்மா கிடக்கும், குறுஞ்செய்தி வரக்கூடிய சிம் எதுவானாலும் சரி. அதை ஒரு பழைய பட்டன் போனில் போட்டு வைத்தாலே போதும்.

தொடங்குமுன் இரண்டு போனிலும் மூன்று காரியம் பாருங்கள். வட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட்ஸ் பகுதிக்குப் போய் ‘பேக்கப்’ (காப்புப்பிரதி) எடுங்கள். அது கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும், நிறைந்திருந்தால் பாதியில் நின்றுவிடும். அடுத்து, ‘டூ ஸ்டெப் வெரிபிகேஷன்’ (இரண்டு அடிச் சரிபார்ப்பு) போட்டிருந்தால் இரண்டிலும் நிறுத்திவிடுங்கள். அதற்கான ஆறு இலக்கப் பின் எண் மறந்திருந்து, மீட்பதற்கு மின்னஞ்சலும் கொடுக்காமல் இருந்தால் இடைநடுவில் ஏழு நாள் காத்திருக்க நேரும். மூன்றாவது, இரண்டு போனுக்கும் வைபை இணைப்பு.

இனி ஒழுங்கு இது. முதலில் உங்கள் போனில் ‘சேஞ்ச் நம்பர்’ திறந்து, உங்கள் பழைய இலக்கத்திலிருந்து மூன்றாவது இலக்கத்துக்கு மாறுங்கள். குறியீடு பட்டன் போனுக்கு வரும், பார்த்து உங்கள் போனில் அடியுங்கள். இப்போது உங்கள் பழைய இலக்கம் வெறுமையாகிவிட்டது. இரண்டாவதாக, கணவரின் போனில் கடை இலக்கத்திலிருந்து உங்கள் பழைய இலக்கத்துக்கு மாறுங்கள். சிம்களை நீங்கள் ஏற்கெனவே மாற்றிவிட்டதால் குறியீடு அவருடைய போனுக்கே வரும். கடைசியாக உங்கள் போனில் மூன்றாவது இலக்கத்திலிருந்து கடை இலக்கத்துக்கு. முடிந்தது.

இடையில் தடுக்குவது பெரும்பாலும் இலக்கத்தை எழுதும் இடத்தில். நாட்டுக் குறியீடு 94 போட்டபின் முன்னுள்ள பூச்சியத்தை விட்டுவிட வேண்டும். 077 என்று தொடங்குவது அங்கே 77 என்றுதான் தொடங்கும். குறியீடு வரப் பிந்தினால் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கடை பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஆறுதலாகச் செய்யுங்கள். அந்த நேரம் வெளியாள் யாராவது அழைத்துக் குறியீட்டைக் கேட்டால், எந்தப் பெயரைச் சொன்னாலும் சொல்லிவிடாதீர்கள்.

மாறும்போது ‘உங்கள் தொடர்புகளுக்கு அறிவிக்கவா?’ என்று கேட்கும். முதல் மாற்றத்தில் அதை நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் உறவுகள் எல்லாரிடமும் அந்தத் தற்காலிக இலக்கம் போய்விடும். கடைசி மாற்றத்தில் போடலாம். குழுக்களுக்கு மட்டும் நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் அறிவிப்புப் போகும். ஆகவே குடும்பக் குழுவில் முன்கூட்டியே ஒரு வரி போட்டுவிடுங்கள். கனடாவில் இருப்பவர்கள் போன் களவு போய்விட்டதோ என்று பயப்படமாட்டார்கள்.

எல்லாம் முடிந்தபின் இரண்டு போனிலும் புதிதாகப் பேக்கப் எடுங்கள். பழையது பழைய இலக்கத்துக்கு உரியது. டூ ஸ்டெப் பின்னையும் திரும்பப் போடுங்கள். கணினியில் வட்ஸ்அப் வெப் வைத்திருந்தால் மறுபடி இணைக்க வேண்டும்.

ஒன்றை முன்பே சொல்லிவிட வேண்டும். இந்த முறையில் கடையின் பழைய உரையாடல்கள் கணவரின் போனில்தான் நிற்கும். வாடிக்கையாளர் இனி அனுப்புவது உங்களுக்கு வரும், ஆனால் போன மாதம் அனுப்பிய சட்டைக்கை அளவு வராது. தைக்கக் கொடுத்து இன்னும் முடியாத வேலைகளின் அளவுகளை மாற்றத்துக்கு முன்பே உங்களுக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். நீண்ட உரையாடலானால் ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்தால் ஒரு கோப்பாக வரும்.

டெலிகிராமிலும் இதே மூன்று அடி ஒழுங்குதான். ஏற்கெனவே கணக்கு இருக்கும் இலக்கத்துக்கு அது மாறவே விடாது. வைபரிலும் அக்கவுன்ட் பகுதியில் இலக்கம் மாற்றும் வசதி உண்டு.

கடைசியாக, எல்லாரும் மறந்துவிடும் ஒன்று. கடை சிம் யாருடைய அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறது? கணவரின் பெயரில் என்றால், நாளைக்கு சிம் பழுதானால் மாற்றுச் சிம் எடுக்க அவர்தான் போக வேண்டும். நிரந்தரமாக உங்களுக்கு என்றால், இருவரும் அடையாள அட்டையோடு நிறுவனத்தின் கிளைக்குப் போய் உரிமையை மாற்றிக்கொள்ளுங்கள். அந்த இலக்கத்தில் ஈஸிகேஷ் அல்லது எம்கேஷ் இருந்தால் அந்தக் கைபேசிப் பணக் கணக்கும் அந்த இலக்கத்தில்தான் இருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: சிம்மை மாற்றியதும் என் போனில் பாதிப் பெயர்களைக் காணவில்லை. தங்கச்சியின் போனில் அவை தெரிகின்றன. – வாசகர், நெல்லியடி

பதில்: காணாமல் போன பெயர்கள் சிம்மில் சேமிக்கப்பட்டவை. சிம்மோடு தங்கச்சியிடம் போய்விட்டன. அவருடைய போனின் ‘கொண்டக்ட்ஸ்’ செயலியில் சிம்மிலிருந்து இறக்குமதி செய்யும் வசதியைத் தேடி, எல்லாவற்றையும் போனுக்கு எடுத்து, ஒரு கோப்பாக உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் அதைத் திறக்கும்போது எங்கே சேமிப்பது என்று கேட்டால் கூகுள் கணக்கைத் தெரிவு செய்யுங்கள். அதற்குப் பிறகு சிம் எங்கே போனாலும் பெயர்கள் உங்களோடு இருக்கும்.

சிம்மில் பெயர் வைப்பதே தமிழ் எழுதுபவர்களுக்குச் சரிவராது. அதில் ஒரு பெயருக்கு ஒதுக்கும் இடம் மிகக் குறைவு. தமிழ் எழுத்துக்கு ஆங்கில எழுத்தைவிட இரட்டிப்பு இடம் வேண்டும், விசிறியும் கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனியாகக் கணக்காகும். ‘கிளிநொச்சி’ என்ற சொல்லே பத்து எழுத்தாகக் கணக்காகும். ‘கிளிநொச்சி மாமா’ என்று எழுதினால் மாமா வெட்டுப்பட்டுப் போவார். கிளிநொச்சி மாமியும் இருந்தால் பிறகு யார் எவர் என்று தெரியாது.

கேள்வி: அப்பாவும் நானும் இலக்கங்களை மாற்ற இருக்கிறோம். வங்கிச் செயலிக்கும் ஜிமெயிலுக்கும் என்ன ஆகும்? – வாசகர், கொக்குவில்

பதில்: சிம்மைக் கழற்றுமுன் வங்கிக்குப் போங்கள். ஒருமுறைக் கடவுச்சொல் பதிவான இலக்கத்துக்கே வரும். மாற்றாமல் விட்டால் உங்கள் வங்கிக் குறியீடு அப்பாவின் போனிலும், அவருடையது உங்கள் போனிலும் வந்து நிற்கும். இருவரும் ஒரே வீட்டில் இருக்கும்வரை சமாளிக்கலாம். ஒருவர் கொழும்புக்குப் போன அன்று மாட்டிக்கொள்வீர்கள். அடையாள அட்டையோடு கிளைக்குப் போய், புது இலக்கம் பதிவானதை உறுதிசெய்தபின் சிம்மை மாற்றுங்கள்.

ஜிமெயில் போனிலேயே திறந்திருக்கும், ஒன்றும் ஆகாது. ஆனால் மீட்பு இலக்கத்தை மாற்ற வேண்டும். மாற்றியபின்பும் ஏழு நாள்வரை பழைய இலக்கத்துக்குக் குறியீடு அனுப்ப கூகுள் இடம் வைத்திருக்கும் என்பதால், அந்த ஒரு வாரமாவது அப்பாவின் போன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இரண்டு அடிச் சரிபார்ப்புப் போட்டிருந்தால் போனுக்குக் குறியீடு வராதபோது பயன்படும் ‘பேக்கப் கோட்ஸ்’ எடுத்து அச்சடித்து வையுங்கள். எட்டு இலக்கத்தில் பத்துக் குறியீடு தருவார்கள், ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும்.

கேள்வி: சிம்மை மாற்றிப் போட்டதும் ‘பின்’ எண் கேட்கிறது. இரண்டு தடவை பிழையாக அடித்துவிட்டேன். – வாசகி, வேலணை

பதில்: மூன்றாம் தடவை அடிக்காதீர்கள். அது போனின் பூட்டு அல்ல, சிம்மின் பூட்டு. மூன்று முறை பிழைத்தால் பூட்டிக்கொண்டு பக் என்ற எட்டு இலக்க எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை பிழையாக அடித்தால் அந்தச் சிம் செத்துவிடும், புதுச் சிம்தான் எடுக்க வேண்டும். சிம் வாங்கியபோது அது பொருத்தி வந்த பெரிய அட்டையைத் தேடிப் பாருங்கள், பின், பக் இரண்டும் பெரும்பாலும் அதில் அச்சிட்டிருக்கும். அட்டை இல்லையென்றால் சிம்மின் உரிமையாளர் அடையாள அட்டையோடு கிளைக்குப் போனால் பக் எண்ணை எடுத்துத் தருவார்கள்.

இன்னொன்று, தட்டைத் திறக்கும் ஊசியை எந்தத் துளையில் குத்துகிறீர்கள் என்று பாருங்கள். சிம் தட்டின் துளை, பெரும்பாலும் தட்டின் நீள்வட்டக் கோட்டுக்குள்ளேயே இருக்கும். சார்ஜ் போடும் இடத்துக்குப் பக்கத்தில் தனியே இருக்கும் சிறு துளை மைக். அதில் குத்தினால் நீங்கள் பேசுவது அடுத்தவருக்குக் கேட்காமல் போகலாம். ஒரு போனின் தட்டை மற்றப் போனுக்குள் தள்ளவும் வேண்டாம். அளவு சற்றே பிசகினாலும் உள்ளே சிக்கி, எடுக்கும்போது தொடுமுனைகளை வளைத்துவிடும்.

கேள்வி: ஐபோனில் வேறு சிம் போட்டதும் ரீலோட் மீதி குறைந்துவிட்டது. யாருக்கும் அழைக்கவில்லை. – வாசகர், மானிப்பாய்

பதில்: புது சிம்மைக் கண்டதும் ஐமெசேஜையும் பேஸ்டைமையும் அந்த இலக்கத்தில் பதிய, ஐபோன் தானாகவே வெளிநாட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பும். அதற்கான கட்டணமாக இருக்கலாம். இவ்விரண்டும் தேவையில்லையென்றால், அடுத்த முறை சிம் மாற்றுமுன் செட்டிங்ஸில் இரண்டையும் நிறுத்திவிடுங்கள். ஆப்பிள் கணக்கின் சரிபார்ப்புக் குறியீடு வரும் ‘டிரஸ்டட் நம்பர்’ மட்டும் தானாக மாறாது. பழைய சிம் எட்டாத இடத்துக்குப் போகுமுன் புது இலக்கத்தைச் சேர்த்து, பிறகு பழையதை நீக்குங்கள்.