அட்டவணையும் தும்பு மெத்தையும்

“ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டவை முதியோர் இல்லங்களில் ஏன் நடைமுறைக்கு வருவதில்லை?” என்று கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பில் ஒரு முதியோர் இல்லத்தில் 6 வருடங்களாகத் தாதியாக இருக்கிறேன். நான் தோற்றுப்போன கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

வந்த புதிதில், எழுந்து நடமாட முடியாதவர்களை 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். படுக்கைப் புண்ணைத் தடுக்கத் தாதியர் எல்லோரும் படிக்கும் பாடம்தான். ஒரு வாரமாக எல்லாக் கட்டங்களிலும் கையெழுத்து. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு ஒருநாள் மாலை 6 மணிக்கே, மறுநாள் விடிய 4 மணிக்கான கட்டத்திலும் கையெழுத்து விழுந்திருப்பதைக் கண்டேன். இரவில் 18 பேருக்கு ஒரேயொரு பணியாளர். அவரை எந்த வாயால் ஏசுவது?

பின்னர் 2013 இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 இல்லங்களில் 942 பேரை 2, 3, 4 மணித்தியால இடைவெளிகளில் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். புண் வருவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 4 மணித்தியாலம் என்றால் ஒருவரே சமாளிக்கலாம் என்று துள்ளினேன். முழுவதையும் வாசித்தபோதுதான் விஷயம் புரிந்தது: அங்கே எல்லோரும் படுத்திருந்தது அடர்த்தி கூடிய நுரை மெத்தையில். எங்களிடம் இருந்தவையோ நடுவில் குழி விழுந்த தேங்காய்த் தும்பு மெத்தைகள், மேலே ரெக்சின் உறை. கச்சான் என்ற சூடான வரண்ட காற்று வீசும் ஆடி மாதத்தில் அந்த உறையில் முதுகு வியர்வையில் ஊறிப்போகும். மெத்தையை விட்டுவிட்டு முடிவை மட்டும் தூக்கி வந்திருந்தால் எத்தனை முதுகுகளைப் புண்ணாக்கியிருப்பேனோ!

எங்கள் பக்கத்தில் திவசத்துக்கும் பிறந்தநாளுக்கும் இல்லத்துக்கு ஒருநேரச் சாப்பாடு கொடுப்பது வழக்கம். வெளிநாட்டிலிருந்தும் அதற்கென்றே பணம் வரும். சில நாட்களில் ஒரே மதியத்துக்கு இரண்டு பாயசம்! அப்படிக் கேட்டு வந்தவர்களிடம், “சாப்பாட்டுக்குப் பதில் ஒரு நுரை மெத்தை தருவீர்களா?” என்று கேட்கத் தொடங்கினேன். சிலர் முகம் சுளித்தார்கள், அப்பாவின் பெயரில் சோறு போடாமல் மெத்தையா என்று. ஆனாலும் ஒரு வருடத்தில் 7 மெத்தைகள் சேர்ந்தன. அந்த 7 பேருக்கு மட்டும் இடைவெளியைக் கூட்டினோம். புரட்டும்போதெல்லாம் இடுப்பையும் குதிகாலையும் தொட்டுப் பார்ப்போம். முதல் அறிகுறி சிவப்பு என்று பாடநூலில் இருக்கும். கறுத்த தோலில் அது எளிதில் தெரியாது. சூட்டையும் இறுக்கத்தையும் விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வாய்ச் சுத்தமும் இப்படித்தான். ஜப்பானில் 11 இல்லங்களில் 2 வருடங்கள் நடந்த ஆய்வில், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் பல் துலக்கிவிட்டவர்களில் 11 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 19 சதவீதத்தினருக்கும் நிமோனியா வந்தது. எச்சிலோடு கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்குவதே காரணம். மூன்று நேரமும் துலக்க எங்களிடம் ஆள் இல்லை; இரவில் ஒருமுறை என்று முடிவெடுத்தேன். அதே பலன் வரும் என்று சொல்லமாட்டேன்.

அதற்கும் ஓர் ஆச்சி வாயைத் திறக்கவே இல்லை, கடித்தும் விட்டார். கன்னத்தில் எப்போதும் வெற்றிலைச் சக்கை அடக்கியிருப்பவர். வழி சொன்னது இரவுக் கடமையில் இருக்கும் அக்கா. “மிஸ், கடைசி வெற்றிலையைத் துப்பி ஆச்சி தானாகவே கொப்பளிப்பார். அந்த நேரம் பார்த்துப் போங்கள். நின்றுகொண்டு செய்யாதீர்கள், முன்னால் உட்கார்ந்து செய்யுங்கள். அவர் கையிலும் ஒரு பிரஷைக் கொடுங்கள்.”

ஆச்சி தன் பிரஷைப் பிடித்துக்கொண்டிருக்க, அக்கா மற்றதால் துலக்கினார். மறதி நோயாளர்களுக்கு இதே உத்தியை ஆய்வாளர்களும் பரிந்துரைத்திருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அக்கா படித்தது எட்டாம் வகுப்பு வரை. அன்றிலிருந்து எதையும் சுவரில் ஒட்டுவதற்கு முன் அவரிடம் கேட்டுவிடுகிறேன்.

இப்போது பிரஷைக் கொடுக்காமல் விளக்கை அணைத்தால் ஆச்சிதான் எங்களை ஏசுகிறார்.