பொங்கல் விடுமுறையில் செட்டிநாட்டுக் கிராமத்து ரோடுகளில் சைக்கிள்: ஏஜென்ட் தேவையா?

கேள்வி: நானும் கல்லூரியில் படிக்கும் என் மகளும் சென்னையில் ஞாயிறுதோறும் ஈ.சி.ஆர். பக்கம் சைக்கிள் ஓட்டுகிறோம். பொங்கல் விடுமுறைக்குக் காரைக்குடி வருகிறோம். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி மூன்றையும் வண்டி நெரிசல் இல்லாத ரோட்டில் சைக்கிளிலேயே பார்க்க ஆசை. கிராமத்து ரோட்டில் போக அனுமதி வேண்டும், பின்னால் வேன் வராமல் போகக் கூடாது என்று ஓர் ஏஜென்ட் பேக்கேஜ் சொல்கிறார். எடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். பொதுச் சாலையில் சைக்கிள் ஓட்ட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அப்படிச் சொல்கிறவரிடம் அதற்கு மேல் பேச்சு வைத்துக்கொள்ளாதீர்கள்.

வேன் வந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். வேன் எங்கே தாராளமாகப் போகுமோ அந்த ரோட்டில்தான் உங்களையும் கூட்டிப்போவார்கள். அது நெடுஞ்சாலை. நீங்கள் எதைத் தவிர்க்க நினைக்கிறீர்களோ, அதற்கே காசு கொடுப்பீர்கள். பிறகு டைல்ஸ் பட்டறை, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள் என்று இறக்கிவிடுவார்கள். அங்கே உங்களுக்குச் சொல்லும் விலையில் அவர் கமிஷனும் இருக்கும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளை உள்ளே காட்டவும் தனியாகக் கேட்பார்கள். பார்வையாளரை விடும் வீடுகளில் வாசலிலேயே கட்டணம் வாங்கிக்கொள்கிறார்கள். நேராகக் கொடுத்துவிட்டு நுழையலாம். கானாடுகாத்தான் அரண்மனை தனியார் வீடு. “உள்ளே ஏற்பாடு பண்றேன்” என்று யாராவது வந்தால் பணத்தை எடுக்காதீர்கள்.

இனி வழி. திருச்சியிலிருந்து திருமயம், காரைக்குடி வழியாக இராமேஸ்வரம் பக்கம் போகும் நெடுஞ்சாலை இந்தப் பகுதியை நடுவில் பிளந்துகொண்டு போகிறது. கானாடுகாத்தான், கோத்தமங்கலம், பள்ளத்தூர் எல்லாம் அதற்குக் கிழக்கே, ஆத்தங்குடி மேற்கே. ஆகவே காரைக்குடியில் தங்காமல் கானாடுகாத்தானில் தங்குங்கள். காரைக்குடியில் தங்கினால் தினமும் காலையில் ஊர் நெரிசலைத் தாண்டித்தான் வெளியே வர முடியும்.

முதல் நாள் கிழக்குப் பக்கம் மட்டும். கானாடுகாத்தானிலிருந்து பள்ளத்தூர், கோத்தமங்கலம் போய் அப்படியே திரும்புங்கள். தூரம் குறைவு என்று சலித்துக்கொள்ள வேண்டாம். இந்த ஊர்களில் தெருக்களே ஓட்டுவதற்கு அருமையான இடம். கட்டம் போட்டது போல நேர்த்தெருக்கள். ஒரு வீட்டின் தலைவாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பாதி வீடுகள் பூட்டிக் கிடப்பதால் காலை எட்டு மணிவரை தெருவில் பால்காரர் வண்டிதான் எதிரே வரும். ஊரணிக்கரையில் நிறுத்தி இளைப்பாறலாம். இரண்டாம் நாள் ஆத்தங்குடி, சுமார் 10 கிலோமீட்டர். நெடுஞ்சாலையை ஒரே இடத்தில் கடக்க வேண்டும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டே கடந்து போங்கள். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் கண்ணாடித் தட்டின்மேல் கையால் வண்ணம் ஊற்றி, அதன்மேல் சிமென்ட்டும் மணலும் போட்டுச் செய்வதை நின்று பார்க்கலாம். வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை.

செல்போன் வரைபடத்தை முழுக்க நம்பாதீர்கள். கண்மாய்க் கரையையும் ரோடு என்று காட்டும். மைல்கல்லின் தலையைப் பாருங்கள்: மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. உங்களுக்கு வேண்டியது ஆரஞ்சு. கல் இருந்தால்தான் இதெல்லாம். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பாதிக் கல்லைப் புதைத்துவிடுகிறார்கள். குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை மூட மாதக்கணக்கில் ஆள் வருவதில்லை. கைகாட்டிப் பலகையோ எந்த ஊருக்கும் நெடுஞ்சாலை வழியைத்தான் காட்டும். பக்கத்து ஊருக்கு நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது ரோடு போடுகிறவர்களுக்கு எப்போதுதான் உறைக்குமோ!

சின்ன ரோடுதான் பாதுகாப்பு என்று எல்லோருக்கும் சொல்கிறேன். ஆனால் நீங்கள் வரும் வாரத்துக்கு மட்டும் அது பொருந்தாது. பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில், திருப்பத்தூர் ரோட்டில் சிறாவயல் இருக்கிறது. தை 3-ம் நாள் அங்கே மஞ்சுவிரட்டு. வாடிவாசல் வழியாக விடும் மாடுகள் தவிர, சுற்றுவட்டாரப் பொட்டலிலும் கண்மாய்க்குள்ளும் கட்டுமாடுகளை அவிழ்த்துவிடுவார்கள். அவை எந்தப் பக்கம் ஓடும் என்று அவிழ்த்துவிட்டவருக்கே தெரியாது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மாடு முட்டி இறந்த ஆண்டுகள் உண்டு. அன்றைக்கு அந்தப் பக்கம் சைக்கிளை எடுக்கவே எடுக்காதீர்கள். “சீக்கிரம் போய்விட்டு வந்துவிடலாம்” என்ற எண்ணமும் வேண்டாம். மாடுகளை விடியற்காலையிலேயே ஏற்றிக்கொண்டு வருவார்கள், மாலையில் மிரண்ட மாடுகள் ஊர் திரும்பும். தை முழுக்க வேறு ஊர்களிலும் மஞ்சுவிரட்டு நடக்கும் என்பதால், எங்கே கிளம்பினாலும் முந்தின நாளே டீக்கடையில் “நாளைக்கு எந்த ஊர்ல மாடு?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதோடு தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடந்து போவார்கள். இரவிலும் விடியலிலும் ரோட்டோரம் அவர்களுடையது. பிள்ளையார்பட்டியை மட்டும் பஸ்ஸில் பார்த்துவிடுங்கள்.

டயர் விஷயம். இந்த மாவட்டம் முழுக்கச் சீமைக் கருவேல முள். மெல்லிய ரேஸ் டயரோடு வந்தால் பாதிப் பொழுது பஞ்சர் ஒட்டுவதிலேயே போகும். 32 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போடுங்கள். டியூப் வால்வு ஒல்லியாகக் கூர்முனையோடு இருந்தால் கிராமத்துக் கடைப் பம்பு அதில் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றும் மாற்று டியூப் இரண்டும் பையில் இருக்கட்டும். அறுவடைக் காலம் என்பதால் ரோட்டில் வைக்கோலும் நெல்லும் பரப்பியிருப்பார்கள். வைக்கோல்மேல் ஏற்றினால் பின்பக்கக் கியரில் சுற்றிக்கொள்ளும். இறங்கி ஓரமாகத் தள்ளிப் போங்கள், நெல்லை மிதிக்காதீர்கள்.

சைக்கிளை ரயிலில் பார்சலாகப் போடுவதானால் காரைக்குடிக்கே போடுங்கள். செட்டிநாடு ஸ்டேஷன் தங்குமிடத்துக்குப் பக்கம்தான், ஆனால் சின்ன ஸ்டேஷனில் வண்டி நிற்கும் நேரத்துக்குள் பார்சலை இறக்குவது நடக்கிற காரியம் இல்லை. சென்னையிலிருந்து வரும் பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடியோடு நின்றுவிடும், அதனால் அவசரம் இல்லை. எழும்பூரில் பார்சல் ஆபீஸ் வாசலிலேயே “பேக்கிங், புக்கிங் எல்லாம் நான் பார்த்துக்கிறேன்” என்று ஆள் வருவார். நேராகக் கவுன்டருக்குப் போய் அச்சிட்ட ரசீதைக் கையில் வாங்குங்கள். அந்த ரசீதைக் காட்டித்தான் காரைக்குடியில் சைக்கிளைக் கேட்டு வாங்க வேண்டும்.