உள்ளே திட்டும் குரலும் மாதாமாதம் போகும் ஜிம் பணமும்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"டாக்டர், எனக்கு வயது 47. எடை 82 கிலோ. சர்க்கரை நோயின் எல்லையில் நிற்கிறேன் என்று கிளினிக்கில் சொன்னார்கள். பயந்துபோய் ஜனவரியில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். 25 கிலோ குறைக்க வேண்டும் என்றார்கள். மூன்று வாரம்தான் போனேன். இரண்டு வருட ஒப்பந்தம் என்பதால் இன்னும் மாதாமாதம் பணம் பிடிக்கிறார்கள். வங்கியிலிருந்து செய்தி வரும்போதெல்லாம், 'நீ எதையும் உருப்படியாக முடிக்க மாட்டாய், எருமை' என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். அன்று நடக்கவும் மனம் வராது. தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம் இருந்து காவடி எடுக்கிறவள் நான். முருகனுக்காக முடிகிறது, என் உடம்புக்காக இருபது நிமிடம் நடக்க முடியவில்லையே. இந்தக் குரலை எப்படி நிறுத்துவது?"

முதலில் வங்கிச் செய்தியை நிறுத்துவோம், சகோதரி. குரலை அப்புறம் பார்க்கலாம்.

மனநல ஆலோசனை கேட்டால் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். அந்தத் திட்டு எப்போது கிளம்புகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாதம் தவறாமல், உங்கள் சொந்தப் பணத்திலேயே, "நீ தோற்றுவிட்டாய்" என்று ஒரு அறிவிப்பு உங்கள் கைக்கு வருகிறது. அது வந்துகொண்டிருக்கும்வரை நான் எந்தப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாலும் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

இரண்டு வருடம் கையெழுத்துப் போட்டுவிட்டோம், இனி தப்ப முடியாது என்றுதான் பலரும் நம்புகிறார்கள். அப்படி இல்லை. இந்த நாட்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-இல் இயற்றப்பட்டு 2011-இல் நடைமுறைக்கு வந்தது, அதன் 14-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை 20 வேலை நாள் முன்னறிவிப்பு கொடுத்து நீங்கள் முறித்துக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. நியாயமான ஒரு தொகையை அவர்கள் அபராதமாகக் கேட்கலாம். ஆனால் முறித்துக்கொள்ளும் உரிமையே இல்லாமல் போகிற அளவுக்கு அதை ஏற்றக் கூடாது. "மீதி மாதங்களுக்கு உள்ள முழுப் பணத்தையும் கட்டுங்கள்" என்று கவுன்ட்டரில் இருக்கும் பையன் சொன்னால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே இறங்கிவிடும். இறங்காவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். மின்னஞ்சலில் எழுதி, தேதியோடு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வங்கிக்குப் போய் டெபிட் ஆர்டரை நிறுத்தினால் போதும் என்று யாராவது அக்கறையோடு சொல்வார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். பணம் பிடிப்பது நிற்கும், ஒப்பந்தம் நிற்காது. நிலுவை ஏறும், வசூல் ஏஜென்ட் கூப்பிடுவார், கடன் பதிவேட்டில் உங்கள் பெயர் கெடும். அப்போது அந்தக் குரலுக்குப் புதிதாக ஒரு சாட்சியும் கிடைத்துவிடும்.

இந்த வியாபாரத்தில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. கமிஷனுக்கு ஆள் சேர்ப்பவர்களில் பலர் முதலில் கேட்கும் கேள்வியே, "உங்கள் உடம்பில் உங்களுக்கு எது பிடிக்கவில்லை?" என்பதுதான். அப்புறம் ஒரு இயந்திரத்தின் மேல் நிற்க வைத்து, "உங்கள் உடம்பின் வயது 61" என்று ஒரு சீட்டைக் கையில் கொடுப்பார்கள். காலில் மெல்லிய மின்சாரம் செலுத்தி, உடம்பில் உள்ள நீரை வைத்துக் கொழுப்பைக் கணக்குப் போடும் கருவி அது. தண்ணீர் குடிப்பதற்கு முன் ஒன்று காட்டும், குடித்த பின் வேறொன்று காட்டும். அந்தச் சீட்டைப் பார்த்து நீங்கள் கலங்கும் நேரத்தில்தான் பேனாவை நீட்டுவார்கள். உங்களுக்குள் இருக்கிற அதே திட்டும் குரலில்தான் அவர்கள் விற்கிறார்கள். அந்தக் குரல் அடங்கிப்போனால் அவர்களுக்கு வியாபாரம் இல்லை.

கோயிலில் பழகிய அக்கா ஒருவர் வாட்ஸ்அப்பில் ஷேக் பொடி விற்பார். தனக்குக் கீழே நான்கு பேரைச் சேர்த்தால்தான் அவருக்குப் பணம் வரும் என்பதை உங்களிடம் சொல்ல மாட்டார். "இளைக்கும் டீ" என்று ஒன்று கை மாறுகிறது. பலவற்றில் இருப்பது சென்னா என்ற நிலாவரை, பேதி மருந்து. போவது தண்ணீர், கொழுப்பு அல்ல. மூலிகை என்று விற்ற சில மாத்திரைகளில் சிபுட்ரமைன் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இதயத்துக்கு ஆபத்து என்று 2010-இலேயே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது. யாரிடமும் வாங்காதீர்கள். மூத்த சொந்தக்காரர் கொடுத்தாலும் சரி.

அந்த 25 கிலோ கணக்குக்கு வருவோம். சர்க்கரை நோயின் எல்லையில் நிற்பவர்களை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2002-இல் முடிவு வந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். அதில் ஒரு பிரிவினருக்குக் கொடுத்த இலக்கு இரண்டுதான்: உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது போன்ற உழைப்பு. போலி மாத்திரையும் வழக்கமான அறிவுரையும் மட்டும் பெற்றவர்களைவிட அந்தப் பிரிவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. எல்லாரும் இலக்கை முழுதாகத் தொட்டதாலும் அல்ல. உங்கள் 82 கிலோவில் 7 சதவீதம் என்றால் ஆறு கிலோவைக்கூடத் தொடாது. ஆறுக்கும் 25-க்கும் நடுவில் இருக்கும் தூரம் விற்பவருடைய தேவை, உங்களுடையது அல்ல. இதைக் கிளினிக்கில் உட்கார வைத்து ஐந்து நிமிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். "எடையைக் குறையுங்கள்" என்று அட்டையில் எழுதிக் கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். எவ்வளவு, எப்படி, பயமாக இருந்தால் யாரிடம் போவது என்பது எதுவும் கிடையாது. அப்படி வெளியே வருபவர் நேராக ஜிம் விற்பனையாளரிடம் போய் மாட்டிக்கொள்கிறார்.

இனி குரல்.

அதை அடக்கப் பார்க்காதீர்கள். ஒரு நினைப்பை நினைக்கவே கூடாது என்று முயன்றால் அது மேலும் மேலும் வரும் என்பதை வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இலேயே சோதித்துக் காட்டினார். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று அவர் சொன்னவர்களுக்கு அதுவே மனதில் வந்துகொண்டிருந்தது. கண்ணாடி முன் நின்று "நான் அழகானவள், நான் வெற்றியாளர்" என்று சொல்லிக்கொள்ளும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இப்படிப்பட்ட வாசகங்கள், ஏற்கெனவே தன்மேல் மதிப்புக் குறைந்திருப்பவர்களை இன்னும் சோர்வடைய வைக்கின்றன என்று 2009-இல் வெளிவந்த கனடிய ஆய்வு ஒன்று காட்டியது. நம்ப முடியாததைச் சொன்னால் உள்ளே இருப்பது எதிர்த்து வாதாடத்தானே செய்யும்?

அதனால் புகழவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிச் செய்யுங்கள். குரல் வந்தவுடன், அது சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள், 'எருமை' உட்பட. எழுதிய பின் அதில் உண்மை எவ்வளவு, வசவு எவ்வளவு என்று பிரியுங்கள். "எதையும் முடிக்க மாட்டாய்" என்பதில் 'எதையும்' என்ற சொல் பொய். காவடியை முடிக்கிறீர்கள். பிள்ளைகளை வளர்த்திருப்பீர்கள், வீட்டை நடத்துகிறீர்கள். உண்மை என்று மிஞ்சுவது, "ஜிம்முக்கு மூன்று வாரம் போனேன், அப்புறம் நிறுத்திவிட்டேன்" என்பதுதான். அதற்குக் கீழே, "இன்று சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடப்பேன்" என்று எழுதுங்கள். அவ்வளவுதான். நீளமாக எழுத ஆரம்பித்தால் மறுபடி விசாரணையாகிவிடும்.

இன்னொரு சின்ன உத்தி உண்டு, பலருக்கு இது உதவியிருக்கிறது. உங்களோடு பேசும்போது 'நான்' என்பதை விட்டு, உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்கள் அக்கா எப்படிக் கூப்பிடுவாரோ அப்படி: "இன்னார், இன்றைக்குக் களைப்பாக இருக்கிறாய், வாசல் வரைக்கும் போய்வா." தன்னைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசிக்கொள்பவர்கள் பதற்றமான நேரத்தில் தங்களைச் சற்று விலகி நின்று பார்க்கிறார்கள் என்று 2014-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. சோதித்துப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு அதே வாயால் 'எருமை' என்பது கொஞ்சம் கஷ்டம்.

ஒரு நாள் தவறினால்? "21 நாளில் பழக்கம் வந்துவிடும், ஒரு நாள் விட்டால் முதலிலிருந்து" என்று சொல்பவர்கள் ஏராளம். லண்டனில் பழக்கங்களை அளந்த ஒரு ஆய்வு 2010-இல் வந்தது. ஒரு செயல் பழக்கமாக ஊறுவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளில் வந்தது, சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. மூன்றே வாரத்தில் நீங்கள் கைவிட்டது உங்கள் குணத்தைக் காட்டவில்லை. பழக்கம் ஊறுவதற்கு முன்னால் நின்றுவிட்டது, அவ்வளவே.

விரதத்தை வைத்து உங்களையே அடித்துக்கொள்கிறீர்களே, அதைக் கொஞ்சம் பாருங்கள். விரதத்துக்குத் தேதி உண்டு, முடியும் நாளும் உண்டு. எது சாப்பிடலாம், எது கூடாது என்று தினம் யோசிக்க வேண்டியதில்லை, வீடே சேர்ந்து கடைப்பிடிக்கிறது. காவடி அன்று உங்களோடு ஒரு கூட்டம் நடக்கிறது. நீங்கள் தகுதியானவரா என்று யாரும் எடை பார்ப்பதில்லை. ஜிம்மில் இதில் ஒன்றுகூட இல்லை. மன உறுதி உங்களிடம் குறையவில்லை. தேதியும் துணையும் இல்லாத இடத்தில் போய் நின்றீர்கள்.

அதனால் தேதியும் துணையும் உள்ள இடத்துக்குப் போங்கள். சனிக்கிழமை காலையில் டர்பன் நார்த் பீச்சில் பார்க்ரன் என்ற பொது நடை, ஓட்ட நிகழ்வு நடக்கிறது. ஐந்து கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, ஒரு முறை பதிவு செய்தால் போதும், நடக்கிறவர்கள் நிறையப் பேர். கடைசியாக வருவேனோ என்று குரல் கேட்கும், எனக்குத் தெரியும். பார்க்ரனில் எல்லாருக்கும் பின்னால் நடப்பதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார். கடைசி ஆள் எப்போதும் அவர்தான். ஐந்து கிலோமீட்டர் இப்போது அதிகம் என்றால் முதல் வாரம் போய் வேடிக்கை பாருங்கள். காம்ரேட்ஸ் நெடுந்தூரப் பந்தயத்தில் ஓடியவர் பக்கத்தில் நின்றாலும் கவலைப்படாதீர்கள். கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் ஓடுகிற அவருக்கும் உங்கள் சர்க்கரைக்கும் சம்பந்தமில்லை. மற்ற நாள்களில், விடிவதற்கு முன் தனியாகத் தெருவில் நடக்க நான் சொல்ல மாட்டேன், நம் ஊர் நிலைமை தெரிந்ததே. வீட்டுக்குள் பத்துப் பத்து நிமிடமாக, அதற்கும் குறைவாக நடந்தாலும் கணக்கில் சேரும். குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் எடுத்துவிட்டது.

ஒரு விதிவிலக்கு. இதை நீட்டித்தான் சொல்ல வேண்டும். "முடியவில்லை" என்று உள்ளே கேட்பது எல்லாமே மனதின் வேலை அல்ல. சில நேரம் உடம்பு பேசுகிறது, அதைத் தாண்டி நடக்கவே கூடாது. நடக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அளவு சரி. பேச்சே வரவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ தோளிலோ முதுகிலோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, குமட்டல், தலைசுற்றல் வந்தால் உடனே நில்லுங்கள், ஆம்புலன்ஸ் எண்ணான 10177-க்கோ கைபேசியிலிருந்து 112-க்கோ கூப்பிடுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு பெரிய நெஞ்சுவலி இல்லாமல், வெறும் மூச்சுத் திணறலாகவும் சொல்ல முடியாத களைப்பாகவும் வரக்கூடும். "சோம்பேறி, சாக்குச் சொல்லாதே" என்று அன்றைக்கு உங்களைத் திட்டி நடத்திவிடாதீர்கள். உங்களுக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் கொடுத்திருந்தால் நடப்பதால் சர்க்கரை சட்டென்று இறங்குவது அரிது. ஆனால் வீட்டில் வேறு யாராவது கிளிமெபிரைடு, கிளிக்லசைடு போன்ற வேறு சர்க்கரை மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு உங்களோடு நடக்க வந்தால், சர்க்கரை இறங்கிக் கை நடுக்கமும் வியர்வையும் குழப்பமும் வரலாம். சட்டைப் பையில் மிட்டாய் இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், சூடான தார் ரோட்டில் காவடிக்கு வெறுங்காலோடு நடப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். புண் பட்டாலும் தெரியாது. தசை வலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டு வீங்கினால் பயோகினெடிசிஸ்ட், அதாவது உடற்பயிற்சி மூலம் சிகிச்சை தரும் நிபுணர் ஒருவரைப் பாருங்கள். இந்த நாட்டில் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவு வேண்டிய தொழில் அது, பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 'வாழ்க்கைப் பயிற்சியாளர்' என்று பலகை மாட்டியவரிடம் கேட்க அப்படி ஒரு எண் இருக்காது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், செத்தால் தேவலை என்று குரல் சொல்ல ஆரம்பித்தால் தாளும் பேனாவும் போதாது. அன்றே மருத்துவரிடம் போங்கள்.

எடை இயந்திரத்தில் தினமும் ஏறாதீர்கள். உப்பும் தண்ணீரும் மாறுவதிலேயே ஒரு கிலோ இப்படி அப்படிப் போகும். வாரம் ஒரு முறை போதும். மூன்று மாதம் கழித்து கிளினிக்கில் எச்பிஏ1சி பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள், அது கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும். அவர்களாகச் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். ஒப்பந்தத்தை முறிக்கும் மின்னஞ்சலை மட்டும் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அந்த 20 வேலை நாள், நீங்கள் அனுப்பிய பிறகுதான் ஓட ஆரம்பிக்கும்.