முழங்கால் ஆபரேஷன் முடிந்த மகள் அதைப் பற்றியே ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுகிறாள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அம்மா, வணக்கம். நீங்கள் அனுப்பிய மூன்று வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். மகள் பத்தாம் வகுப்பு எழுதி முடித்துவிட்டாள், பள்ளி கபடி அணியில் ரெய்டர், போன வருடம் ஒரு போட்டியில் கால் ஊன்றித் திரும்பும்போது முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனது, இப்போது டாக்டர் ஆகணும் என்றுகூடச் சொல்லாமல் "இந்த ஆபரேஷனைப் பத்தி ஆராய்ச்சி பண்ணணும்" என்கிறாள், அப்படி ஒரு படிப்பு உண்டா, உண்டென்றால் சோறு போடுமா. இதுதானே உங்கள் கவலை?

மூன்றாவது மெசேஜின் கடைசியில் பின்னால் அவள் குரல் கேட்டது. "எதுக்கும்மா என் தொடையிலேர்ந்து எடுத்தாங்க, ரெய்டு போறவளுக்கு அந்த இடம்தானே முக்கியம், கேளேன்." நீங்கள் "சும்மா இருடி" என்று சொல்லி போனை வைத்துவிட்டீர்கள். அம்மா, அந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்காகவே உலகத்தில் எத்தனையோ பேர் முழுநேர வேலை பார்க்கிறார்கள்.

விஷயம் இதுதான். கிழிந்த ஏசிஎல் தானாக ஒட்டிவிடும் என்று நம்பியிருக்க முடியாது, வெறுமனே தைத்து வைத்தாலும் பெரும்பாலும் நிற்பதில்லை. அதனால் உடம்பின் வேறு இடத்திலிருந்து தசைநாணை, அதாவது தசையை எலும்போடு கட்டும் நாரை, எடுத்துப் புது ஜவ்வாகப் பொருத்துகிறார்கள். தொடையின் பின்பக்கத்திலிருந்து எடுக்கலாம், முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் பட்டையின் நடுப்பகுதியை இரண்டு பக்கமும் எலும்புத் துண்டோடு எடுக்கலாம், தொடையின் முன்பக்கத்திலிருந்து எடுக்கலாம், கணுக்காலின் வெளிப்பக்கம் ஓடும் தசைநாணையும் நம் நாட்டில் பல மருத்துவர்கள் எடுக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. சில்லுக்குக் கீழே எடுத்தால் மண்டியிடும்போது முன்பக்கம் வலிக்கலாம், தொடையின் பின்பக்கம் எடுத்தால் காலை நன்றாக மடக்கி இழுக்கும் பலம் கொஞ்சம் குறையலாம். ஓட்டக்காரருக்கு எது, பந்து விளையாடுபவருக்கு எது, எதிராளியின் பிடியில் கால் மாட்டிக்கொண்டு இழுபடும் கபடிக்காரருக்கு எது? எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை இன்றுவரை கிடையாது. 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற அறுவை மருத்துவர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் கிழிந்த ஜவ்வைத் தைத்தார். அன்றிலிருந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய 130 ஆண்டு ஆகிறது, இன்னும் முடிவு எட்டாத துறை இது. "படித்துவிட்டுப் போனால் வேலை மிச்சம் இருக்குமா" என்று கேட்டீர்களே, நிறையவே இருக்கிறது.

உங்கள் மகளுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது மார்த்தா மர்ரே என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றி. அவர் பொறியியல் மாணவியாக இருந்தபோது ஒரு விருந்துக்கு ஏசிஎல் கிழிந்த நண்பர் ஊன்றுகோலோடு வந்திருக்கிறார். கிழிந்ததைச் சரிசெய்யாமல் ஏன் தூக்கி எறிந்துவிட்டு வேறு ஒன்றை வைக்கிறார்கள் என்று மர்ரேவுக்குத் தோன்றியது. அந்தக் கேள்வி விடவில்லை, பொறியியலிலிருந்து மருத்துவத்துக்கே மாறிவிட்டார். கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் உறைந்து அந்தக் கட்டியின் மேல்தான் புதுத் திசு வளர்கிறது, முழங்காலுக்குள் இருக்கும் திரவமோ ரத்தத்தை உறையவிடுவதில்லை, அதனால்தான் ஏசிஎல் எளிதில் ஆறுவதில்லை. இதைப் பிடித்துக்கொண்டு, கொலாஜன் என்ற புரதத்தில் செய்த பஞ்சு மாதிரியான ஒரு துண்டில் நோயாளியின் சொந்த ரத்தத்தையே ஊறவைத்து, கிழிந்த இடத்துக்கு நடுவே பாலம்போல வைக்கும் முறையை பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் அவரது குழு உருவாக்கியது. முதலில் விலங்குகளில் சோதித்தார்கள், பிறகுதான் மனிதர்களுக்கு வந்தார்கள். 2020 டிசம்பரில் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. ஒரு மாணவியின் கேள்வி ஆபரேஷன் அறைக்கு வர ஏறக்குறைய 30 ஆண்டு ஆகியிருக்கிறது. இந்தத் துறையின் வேகம் இப்படித்தான், அதையும் அவள் இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

இன்னொரு ஆய்வைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்வீடனில் புதிதாக ஏசிஎல் கிழிந்த, விளையாட்டுப் பழக்கமுள்ள 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன். மறு பாதிக்கு முறையான பிசியோதெரபி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன். 2010இல் முடிவு வந்தது: இரண்டு ஆண்டு கழித்து இரண்டு பிரிவிலும் முழங்கால் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது, இரண்டாவது பிரிவில் 59 பேரில் 23 பேர்தான் ஆபரேஷனுக்குப் போயிருந்தார்கள். இதைப் படித்ததும் "அப்போ என் பொண்ணுக்குத் தேவையில்லாம வெட்டிட்டாங்களா" என்று பதறாதீர்கள். 2022இல் பிரிட்டனிலிருந்து 316 பேரை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது, அதில் ஆபரேஷன்தான் மேல் என்று தெரிந்தது. ஏன் இந்த முரண்பாடு? முதல் ஆய்வில் இருந்தவர்கள் அடிபட்டுச் சில வாரங்களே ஆனவர்கள், இரண்டாவதில் இருந்தவர்கள் அடிபட்டு நாளாகியும் முழங்கால் நழுவிக்கொண்டே இருந்தவர்கள். யாருக்கு, எப்போது என்று சரியாகக் கேட்டால்தான் சரியான விடை வரும்.

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். கபடி விளையாடும் பிள்ளைக்குக் கால் திரும்பினால் நேராக எம்.ஆர்.ஐ. எடுக்கவா போகிறோம்? சுளுக்கு என்று எண்ணெய் தேய்ப்போம், புத்தூர் கட்டு போடுவோம், வீக்கம் வடிந்ததும் மறுபடி களத்தில் இறக்கிவிடுவோம், இரண்டாம் தடவை விழுந்த பிறகுதான் எலும்பு டாக்டர். அப்படித் தாமதமாக வரும் முழங்காலுக்குள் என்ன ஆகியிருக்கும், மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் வட்டு எவ்வளவு கெட்டிருக்கும் என்பதை நம் பிள்ளைகளை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு அந்த மண்ணில் விழுந்து எழுந்தவள் வந்தால் எவ்வளவு நல்லது!

இப்போது கவனியுங்கள். அந்த ஸ்வீடன் ஆய்வை முன்நின்று நடத்திய ரிச்சர்ட் ஃப்ரோபெல் ஒரு பிசியோதெரபிஸ்ட். முழங்கால் எப்படி இருக்கிறது என்று நோயாளியிடமே கேட்டு மதிப்பெண் போடும் கூஸ் என்ற கேள்வித்தாளை 1998இல் வெளியிட்ட ஈவா ரூஸும் பிசியோதெரபிஸ்ட்தான். உலகம் முழுக்க முழங்கால் ஆய்வுகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதில் குத்துக்கால் போடுவது, மண்டியிடுவது பற்றிக் கேள்வி உண்டு, சம்மணம் போட்டு உட்காருவதைப் பற்றிக் கிடையாது. நம் வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா என்பது எவ்வளவு பெரிய விஷயம்! இதுவும் ஒருத்தி எடுத்துச் செய்யக்கூடிய ஆய்வுதான்.

ஆக, நீட் என்ற ஒரே வாசல்தான் என்று நினைத்து வீட்டில் சண்டை போடாதீர்கள். அவளே கத்தி பிடித்து ஆபரேஷன் செய்ய வேண்டுமென்றால் நீட் தவிர வேறு வழி இல்லை. எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு, பிறகு எம்.எஸ். ஆர்த்தோ மூன்று ஆண்டு, அதற்கும் ஒரு நுழைவுத் தேர்வு, அதன்மேல் ஆர்த்ரோஸ்கோப்பி, அதாவது மூட்டுக்குள் கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷனில், பயிற்சி ஓரிரு ஆண்டு. எல்லாம் முதல் முயற்சியிலேயே கிடைத்தாலும் பத்து ஆண்டு ஆகும். அரசுக் கல்லூரி கிடைத்தால் கட்டணம் பெரிதில்லை, தனியாரில் வீட்டை விற்கும் அளவுக்குப் போகும், அதற்கு மட்டும் கடன் வாங்காதீர்கள். அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும், ஆகவே மேல்நிலைக்குத் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைத்தால் யோசித்து மாற்றுங்கள். "பொம்பளைப் புள்ள எலும்பு டாக்டரா" என்று மாமியார் கேட்டதாகச் சொன்னீர்கள். அந்தத் துறையில் பெண்கள் குறைவு என்பது உண்மை. ஆர்த்ரோஸ்கோப்பி சின்னத் துளை வழியே கேமராவைப் பார்த்துக்கொண்டு செய்யும் நுணுக்கமான வேலை, அதற்கு ஆணின் தோள் பலம் தேவையில்லை. கபடிப் பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேச ஒரு பெண் மருத்துவர் இருப்பது எவ்வளவு உதவி என்று உங்கள் மகளையே கேளுங்கள்.

பிசியோதெரபியில் பட்டப்படிப்பு, பிறகு விளையாட்டுப் பிரிவில் முதுகலை, பிறகு பிஎச்.டி. என்பது இரண்டாவது வழி. தொடக்கச் சம்பளம் குறைவு, இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு எப்போது களத்துக்குத் திரும்பலாம் என்ற ஆராய்ச்சியில் பெரும்பங்கு இவர்கள் செய்ததுதான். 2016இல் வந்த ஒரு நார்வே–அமெரிக்க ஆய்வில், ஒன்பது மாதம் வரை திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது ஏறக்குறைய பாதி பாதியாகக் குறைந்தது. இதை நான் மனம் கனத்துத்தான் எழுதுகிறேன். என் தம்பி கால்பந்து விளையாடியவன், ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் மாதமே "வலி இல்லேன்னா ஆடலாம்" என்று அவனுக்குச் சொன்னார்கள், ஆறாம் மாதம் அதே ஜவ்வு மறுபடி போனது, அதோடு விளையாட்டும் போனது. உங்கள் மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, பிசியோவிடம் சோதனையும் செய்த பிறகே களத்தில் இறக்குங்கள்.

அந்தச் சோதனையை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். தரையில் வெள்ளை டேப் ஒட்டி சென்டிமீட்டர் குறித்திருந்தார்கள். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி நல்ல காலில் ஒற்றைக்காலாகத் தாவினாள், குதிகால் விழுந்த இடத்தைக் குறித்தார்கள். அடுத்து ஆபரேஷன் ஆன கால். தாவுவதற்கு முன் மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டாள், முட்டி லேசாக நடுங்கியது, இரண்டு விரல் அகலம் குறைவாக விழுந்தாள். தூரத்தை எழுதிய பெண் அதோடு நிறுத்தவில்லை, "தாவும்போது பயமா இருந்துச்சா, பத்துக்கு எத்தனை" என்று கேட்டு அதையும் எழுதினார். அதுதான் அம்மா ஆராய்ச்சி. இதே மாதிரி நூறு பேரை அளந்து, இரண்டு வருடம் கழித்துப் போன் போட்டு, பாதிப் பேர் நம்பர் மாற்றியிருக்க, வீடு தேடிப் போய்க் கேட்டு எழுதுவது. உங்கள் மகளுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்பதை மதிப்பெண்ணைவிட நான் முக்கியமாகப் பார்ப்பேன்.

கணக்கில் கெட்டி என்றால் பயோமெடிக்கல் பொறியியல். கிண்டி பொறியியல் கல்லூரியில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் மருத்துவ அறிவியலும் பொறியியலும் சேர்ந்த நான்கு ஆண்டு பி.எஸ். படிப்பு இருக்கிறது, அதற்கு ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்கள் நடத்தும் திறனறித் தேர்வு வழியாகச் சேர்க்கை. புள்ளியியல் பிடித்தால் வேலூர் சி.எம்.சி.யில் உயிர்ப்புள்ளியியல் முதுகலை. விளையாட்டு அறிவியல் என்றால் மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். சம்பளம் கேட்டீர்களே, தேசிய அளவிலான தகுதித் தேர்வில் தேறி ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தால் 2023இலிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய் உதவித்தொகை, மேற்கொண்டு வீட்டு வாடகைப் படி. பிஎச்.டி. முடித்த பிறகு கல்லூரி, மருத்துவமனை, கருவி தயாரிக்கும் நிறுவனம் என்று போகலாம், நிரந்தர இடம் கிடைக்கச் சில ஆண்டு அலைய வேண்டிவரும்.

இப்போது உடனே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பிளஸ் ஒன்னில் பயாலஜி–மேத்ஸ் குரூப் எடுக்கச் சொல்லுங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கும் இருந்தால் நான் மேலே சொன்ன எந்த வாசலும் சாத்தப்படாது. "கணக்கு சுமையா இருக்கும், தாவரவியல் விலங்கியல் எடுத்தா நீட்டுக்கு நல்லது" என்று பள்ளியில் சொல்வார்கள், பத்தாம் வகுப்பில் கணக்கில் அவள் தடுமாறவில்லை என்றால் அதைக் கேட்காதீர்கள். குரூப் கிடைக்கவில்லை என்றால் எனக்கு உடனே சொல்லுங்கள், பள்ளி மாறுவதா என்று பேசிக்கொள்ளலாம்.

அப்புறம் அவளுக்கு ஒரு சின்ன வேலை. சி.டி.ஆர்.ஐ. என்று இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் அரசு இணையதளம் இருக்கிறது, 2007இல் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். அதில் ஏசிஎல் என்று தேடி, தமிழ்நாட்டில் நடப்பவற்றில் மூன்றை எடுத்து, என்ன கேள்வி கேட்கிறார்கள், எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், எதை அளக்கிறார்கள் என்று தமிழிலேயே ஒரு நோட்டில் எழுதட்டும். பாதி புரியாது, புரியாததைப் புரியவில்லை என்றே எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், அந்த நோட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துவரச் சொல்லுங்கள். தொடையிலிருந்து ஏன் எடுத்தார்கள் என்ற கேள்வியை அவளே அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கேட்கட்டும், அப்போது நீங்கள் குறுக்கே பேச வேண்டாம்.