வயலில் கிடைத்த ஆங்கிலோ-சாக்சன் ப்ரூச்: விற்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். இங்கிலாந்தில் சஃபோக்கில் வசிக்கிறேன். வார இறுதியில் மெட்டல் டிடெக்டரோடு ஒரு வயலில் தேடுவது வழக்கம். வயலைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் வாய்வார்த்தையாக அனுமதி தந்திருக்கிறார். மூன்று வாரம் முன்பு தங்க முலாம் பூசிய உடைந்த ப்ரூச் (உடையில் குத்திக்கொள்ளும் அலங்கார ஊசி) ஒன்று கிடைத்தது (படம் இணைத்துள்ளேன்), ஆங்கிலோ-சாக்சன் காலத்தது (சுமார் 5 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை) என்கிறார்கள். போன சனிக்கிழமை அதற்குக் கொஞ்சம் தள்ளி வெள்ளி போல ஒரு துண்டு. "உள்ளே செம்புதான், புதையல் சட்டத்தில் வராது, ஆன்லைனில் விற்றுவிடு" என்கிறார் நண்பர். விற்கலாமா?

பதில்: விற்காதீர்கள். நண்பர் சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதியை நம்பித்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

1996 புதையல் சட்டப்படி, நாணயம் அல்லாத ஒரு பொருள் குறைந்தது 300 ஆண்டு பழையதாகவும் எடையில் 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ கொண்டதாகவும் இருந்தால் அது புதையல். உங்கள் படத்தில் பின்னிப் பிணைந்த விலங்கு உருவங்களின் பள்ளங்களில் தங்கம் இன்னும் மின்னுகிறது, மேடுகள் தேய்ந்து பச்சை பிடித்திருக்கின்றன. செம்புக் கலவையின் மேல் பூசிய முலாம் என்றால் 10 சதவீதத்தைத் தொடாது, தனியாகக் கிடைத்திருந்தால் பெரும்பாலும் புதையல் ஆகாது. ஆனால் செம்பு கலந்த வெள்ளியும் மண்ணில் கிடந்தால் பச்சைதான் பிடிக்கும், கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. போதாததற்கு 2023 ஜூலையில் வந்த புதிய விதி, 200 ஆண்டுக்கு மேல் பழைய, விதிவிலக்கான முக்கியத்துவம் உள்ள உலோகப் பொருள்களையும் சேர்த்துக்கொள்கிறது.

உங்கள் விஷயத்தில் அந்த இரண்டாவது துண்டுதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. அது 300 ஆண்டுக்கு மேல் பழைய வெள்ளி என்றால் அதுவே புதையல், அதோடு ஒன்றாகப் புதைக்கப்பட்டு பிறகு உழவில் சிதறியதுதான் ப்ரூச் என்றால், அது வெறும் செம்பாக இருந்தாலும் அதுவும் புதையல். இப்படிப்பட்ட சிதறலையும் மனதில் வைத்துத்தான் சட்டத்தை எழுதியிருக்கிறார்கள்.

கண்டெடுத்த நாளிலிருந்து, அல்லது அது புதையலாக இருக்கலாம் என்று நினைக்கக் காரணம் கிடைத்த நாளிலிருந்து, 14 நாளுக்குள் கரோனருக்கு (சந்தேக மரணங்களையும் புதையல்களையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். தவறினால் 3 மாதம் வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். வெள்ளித் துண்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது, ப்ரூச்சைப் பற்றித்தான் எனக்குக் கவலை. இன்றே உங்கள் கவுண்டியின் ஃபைண்ட்ஸ் லியேசன் ஆபீசரை (மக்கள் கண்டெடுக்கும் தொல்பொருள்களைப் பதிவு செய்யும் அதிகாரி) கூப்பிட்டு, தேதிகளை உள்ளது உள்ளபடி சொல்லி இரண்டையும் ஒப்படையுங்கள், கரோனருக்கு அவர்கள் வழியாகவே தகவல் போகும்.

சரி, புதையல் இல்லை என்று முடிவானால் உங்களுடையதா? அப்போதும் இல்லை. ஃபார்ன்ஹாமில் ஒரு பூங்காவில் டிடெக்டர் வைத்துத் தோண்டியெடுத்த தங்க ப்ரூச் வழக்கில், மண்ணுக்குள் இருக்கும் பொருளில் கண்டெடுத்தவரைவிட நில உரிமையாளருக்கே உரிமை என்று 1995-ல் அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது. குத்தகைக்காரர் உரிமையாளர் அல்ல. உரிமையாளரிடம் இப்போதே பேசி, கிடைப்பதில் யாருக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். புதையலாகி அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால், சன்மானத்தை வழக்கமாகக் கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பாதிப் பாதியாகப் பிரிப்பார்கள், ஆனால் முறையான அனுமதி இல்லாமல் தேடியவரின் பங்கு குறையலாம், இல்லாமலும் போகலாம்.

ஒழுங்காகச் சொன்னவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு 2009-ல் கிடைத்த ஸ்டாஃபோர்ட்ஷயர் புதையலைப் பாருங்கள்: 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு, கண்டெடுத்தவரும் விவசாயியும் பகிர்ந்துகொண்டார்கள். 2015-ல் லெம்ஸ்டர் அருகே வைக்கிங் காலப் புதையலை மறைத்து விற்ற இருவருக்கு 2019-ல் 10 ஆண்டும் எட்டரை ஆண்டும் சிறை விதித்தார்கள், மேல்முறையீட்டில் குறைந்தாலும் உள்ளேதான் இருந்தார்கள். அவர்கள் மேல் வந்தது திருட்டுக் குற்றச்சாட்டு, வெறும் தகவல் தராத குற்றம் அல்ல. அந்தப் புதையலில் இருந்த நாணயங்களில் பெரும்பகுதி இன்றுவரை திரும்பவில்லை, அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ப்ரூச்சைக் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். அதே இடத்தில் மேலே தோண்டவும் வேண்டாம். ஆங்கிலோ-சாக்சன் பெண்களை ப்ரூச்சோடு அடக்கம் செய்வது வழக்கம், கீழே கல்லறை இருக்கலாம். எலும்பு தெரிந்தால் நிறுத்திவிட்டு போலீசுக்குச் சொல்லுங்கள். அப்புறம், ஊருக்கு எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால், பிரிட்டன் மண்ணில் எடுத்த தொல்பொருளுக்கு மதிப்பு எவ்வளவு குறைவானாலும் ஏற்றுமதி உரிமம் வேண்டும்.

உரிமையாளர் சம்மதித்ததும் ஒப்பந்த வரைவை அனுப்புங்கள், கையெழுத்துக்கு முன்னால் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.