ஸ்டூடியோ இடம் மாறிவிட்டது; கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். முதுகுவலிக்காக இந்திராநகரில் பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சி சொல்லித்தரும் ஸ்டூடியோ ஒன்றில் 96 வகுப்புகளுக்கு ₹48,000 பேசிச் சேர்ந்தேன். மொத்தமாகக் கட்ட முடியாததால், அவர்களே ஏற்பாடு செய்த கடனில் மாதம் ₹4,000 தவணை. 22 வகுப்பு முடிந்ததும் ஸ்டூடியோவை தொலைவில் இருக்கும் சர்ஜாபூர் ரோட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பணம் கேட்டால், ரசீதில் ‘நோ ரீஃபண்ட்’ என்று இருக்கிறதே என்கிறார்கள். ஒரு வகுப்புக்கு ₹500 என்பது என் ஒரு நாள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. தவணையை நிறுத்திவிடலாமா?

பதில்: தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள் சகோதரி. கடன் கொடுத்தது ஸ்டூடியோ அல்ல, நிதி நிறுவனம். அங்கே பாக்கி விழுந்தால் உங்கள் சிபில் ஸ்கோர்தான் அடிவாங்கும். நாளைக்குப் பிள்ளை படிப்புக்குக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். கட்டிக்கொண்டே போராடுங்கள்.

நீங்கள் அனுப்பிய ரசீதின் படத்தைப் பெரிதாக்கிய பிறகுதான் அந்த ‘நோ ரீஃபண்ட்’ வரி என் கண்ணில் பட்டது. அந்த ஒரு வரி எல்லாவற்றையும் மூடிவிடாது. நீங்களாகச் சலித்து நின்றிருந்தால் வழக்கு பலவீனம்தான். இங்கே மாற்றியது அவர்கள். ஆறரை மணி வகுப்பை முடித்து ஒன்பதுக்குள் ஆபீஸ் போய்விடலாம் என்றுதானே சேர்ந்தீர்கள்? பேசிய இடத்தில் சேவை தராததை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று வாதாடலாம். மீதி 74 வகுப்புக்கு ₹37,000 வருகிறது. அதை வட்டியோடு கேளுங்கள்.

வசதி உள்ளவர்கள் போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தத் துணிச்சலில்தான் ஸ்டூடியோக்காரர்கள் இப்படிப் பேசுகிறார்கள். தவணையில் சேர்ந்த உங்களால் விட முடியாது, விடவும் வேண்டாம்.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து, ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள். பல நிறுவனங்கள் அதிலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய ஆணையத்திலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஒன்று கவனியுங்கள்: ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தலைப்பிட்டால் அது மாநில ஆணையத்துக்குப் போக வேண்டிய வழக்காகிவிடும். சேவைக் குறைபாடு என்றே எழுதுங்கள்.

அப்புறம், இடம் மாறுவதாக வாட்ஸ்அப் குரூப்பில் வந்த செய்தியை, தேதி தெரியும்படி இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். குரூப்பைக் கலைத்துவிட்டால் தேடி எடுப்பது சிரமம்.